மறதி நோய் வந்த மாமியாருக்கு எந்தப் பாட்டு போடுவது?

கேட்டவர் மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்கு வந்த ஒரு சகோதரி. கேள்வியின் சுருக்கம் இது. மாமியாருக்கு 82 வயது. டர்பனில் மேகசின் பேரக்ஸ் என்ற லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்து, பிறகு அதே ஊரின் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் அல்சைமர் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாயங்காலம் நாலு மணி ஆனால் கைப்பையை எடுத்துக்கொண்டு கேட்டைப் பிடித்து ஆட்டி, "வீட்டுக்குப் போகணும்" என்கிறார். இத்தனை வருடம் இங்கிலீஷில் பேசியவர் இப்போது பாதி நேரம் தமிழில்தான் பேசுகிறார், பெற்ற பிள்ளைக்கே அது புரிவதில்லை. பாட்டு கேட்டால் நல்லது என்று யாரோ சொன்னதால் காலை முதல் ராத்திரி வரை யூடியூபில் பஜனை ஓடவிட்டிருக்கிறார்கள். ஒரு நாள் ரிமோட்டைத் தூக்கி எறிந்துவிட்டாராம். பாட்டு உண்மையிலேயே உதவுமா? உதவும் என்றால் எந்தப் பாட்டு, எப்படி?

உதவும். ஆனால் இப்போது செய்கிற மாதிரி செய்தால் உதவாது. ரிமோட்டை எறிந்ததை நோயின் கணக்கில் எழுதாதீர்கள். நாள் முழுக்க ஒரே சத்தம், நடுநடுவே விளம்பரம், "போதும், நிறுத்து" என்று சொல்லலாம் என்றால் வார்த்தை வரவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் எறிந்திருப்பேன்.

நான் நர்ஸ். 19 வருடமாக டர்பனில், முக்கியமாகச் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும், மறதி நோய் வந்த பெரியவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்து வருகிறேன். இசைச் சிகிச்சை என் படிப்பு இல்லை. அது தனிப் படிப்பு. இந்த நாட்டில் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் முதுகலையாகச் சொல்லித் தருகிறார்கள். படித்தவர்கள் சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டுதான் வேலை பார்க்க முடியும். அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். நான் போகிற வீடுகளில் முக்கால்வாசிக்கு அந்த வசதி இல்லை. வீட்டில் இருப்பவர்களே என்ன செய்யலாம் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

பாட்டுக்கு முன்னால் இரண்டு விஷயம். இந்த நாலு மணிப் பதற்றம் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததா, இல்லை ஒரு வாரத்துக்குள் திடீரென்று வந்ததா? திடீரென்று என்றால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், எங்கோ வலி, புது மாத்திரை என்று எது வேண்டுமானாலும் இப்படி ஆட்டி வைக்கும். வலியோடு இருப்பவருக்குப் பாட்டு போடுவது மருந்தைத் தள்ளிப்போடுகிற காரியம். அடுத்தது காது. காதில் குரும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காது மெஷின் வைத்திருந்தால், அது பேச்சுக்காகச் சரி செய்யப்பட்ட மெஷின், அதன் வழியே வரும் பாட்டு சில சமயம் தகரத்தைத் தட்டுவது போல இருக்கும். மெஷினைப் பார்ப்பவரிடம் பாட்டுக்குத் தனியாக ஒரு அமைப்பு வைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். "பாட்டு பிடிக்கவில்லை" என்று வீட்டார் சொன்ன ஒரு ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, இரண்டு காதிலும் அடைப்பு இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, எல்லாம் மறந்தவருக்குப் பாட்டு மட்டும் ஏன் மறப்பதில்லை? அல்சைமர் முதலில் கை வைப்பது ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில். காலையில் என்ன சாப்பிட்டோம், யார் வந்து போனார்கள் என்ற புது நினைவுகள் பதிவது அதன் வழியாகத்தான். அதனால் அவை முதலில் போகின்றன. வெகுகாலம் பழகிய பாட்டு அந்த ஒரே இடத்தில் மட்டும் தங்குவதில்லை. 2015இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இதைப் படம் எடுத்துக் காட்டினார்கள். நெடுநாள் பழகிய இசையை அடையாளம் காணும்போது வேலை செய்கிற பகுதிகள் மூளையின் நடுப்பக்கத்தில், அசைவைத் திட்டமிடுகிற இடத்தை ஒட்டி இருக்கின்றன. மற்ற இடங்களோடு ஒப்பிட்டால், அல்சைமரில் அவை சுருங்குவது குறைவு. அசைவை ஒட்டிய இடம் என்பதைக் கவனியுங்கள். சைக்கிள் ஓட்டுவதும் கோலம் போடுவதும் கையோடு தங்கிவிடுவதுபோல் பாட்டும் வாயோடும் காலோடும் தங்கிவிடுகிறது. பேச்சு நின்றுபோனவர் பாட்டின் அடியை முழுதாகப் பாடுவது அதனால்தான். அதைப் பார்த்து "அம்மாவுக்கு ஞாபகம் திரும்பிவிட்டது" என்று துள்ளிக் குதித்த பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது எனக்கு வேதனையான வேலை. அது திரும்பி வந்தது இல்லை, போகாமல் மிச்சம் இருந்தது.

இப்போது எந்தப் பாட்டு என்பதற்கு வருகிறேன். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் வேலை இதில்தான் இருக்கிறது.

நாம் எல்லோருமே பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரை கேட்டதைத்தான் மிக ஆழமாக வைத்திருக்கிறோம். உங்கள் மாமியாருக்கு 82 என்றால் தோராயமாக 1953 முதல் 1968 வரை. அம்மா அப்பா வீட்டில் கேட்ட பாட்டுகளும் கூட ஒட்டிக்கொள்ளும், அதனால் இன்னும் பத்து வருடம் பின்னால் போய்ப் பாகவதர் காலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் யூடியூபில் போட்ட பஜனை எப்போது வந்தது? கணினித் தாளத்தோடு பத்து வருடத்துக்கு முன் பதிவு செய்ததாக இருந்தால், சாமி பாட்டுதான் என்றாலும் அவருக்கு அது அந்நியப் பாட்டு. லோட்டஸ் எஃப்எம் வானொலிகூட 1983இல்தான் தொடங்கியது. அப்போது அவருக்கு நாற்பது வயது. ஆசையாகக் கேட்டிருப்பார், சமைத்துக்கொண்டே கேட்டிருப்பார். ஆனாலும் அடிமண்ணில் இருப்பது அதற்கு முன்னால் கேட்டது.

மேகசின் பேரக்ஸ் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் எனக்குப் பெரிய நம்பிக்கை வந்தது. மதுரையிலிருந்து வந்த உங்களுக்கு அந்த இடம் வெறும் பெயராக இருக்கலாம். டர்பன் மாநகராட்சி தன் இந்தியத் தொழிலாளிகளைக் குடிவைத்த லைன் வீடுகள் அவை. சொம்சூ ரோட்டுப் பக்கம், கடலுக்குக் கிட்டே இருந்தன. குடியிருந்தவர்களில் தமிழரும் தெலுங்கரும் அதிகம். ஓர் அறையில் ஒரு குடும்பம், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம், பாட்டுக்கோ பஞ்சமே இல்லை. கோயில், கூத்து, கல்யாணம் எல்லாம் வாசலிலேயே. தெருக்கூத்தை இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று சொல்வார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் எழுபது தாண்டியவர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்தை ஒரு முறை பாருங்கள். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்து வைத்த, 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் கடைசியில் அந்த லைன்களையும் காலி செய்தது. 1960களில் மக்களைச் சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். உங்கள் மாமியார் அப்போது இருபதைத் தொட்டவர்.

நாலு மணிக்கு அவர் போகணும் என்று கேட்கிற வீடு பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அந்த வீடு இப்போது இல்லை. "இதுதான் உன் வீடு, இங்கேதான் அறுபது வருடமாக இருக்கிறாய்" என்று நீங்கள் எத்தனை தடவை சொன்னாலும் அது சண்டையில்தான் முடியும். சாலை வழியாக அங்கே போக முடியாது. அங்கே பாடிய ஒரு பாட்டு வழியாகப் பத்து நிமிஷம் போய்விட்டு வர முடியும். நான் இந்த வேலையை விடாமல் செய்வதற்குக் காரணமே இதுதான்.

அதனால் முதலில் போனை எடுத்து, அவரோடு அந்த லைனில் வளர்ந்த யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று தேடுங்கள். அக்கா, தங்கை, ஒன்றுவிட்ட அண்ணன், பள்ளித்தோழி யாராக இருந்தாலும் சரி. "அவங்களுக்கு என்ன பாட்டு பிடிக்கும்" என்று கேட்டால் "பழைய பாட்டு" என்ற பதில்தான் வரும். வேறு மாதிரி கேளுங்கள். வீட்டில் கிராமபோன் இருந்ததா? யார் வீட்டு ரேடியோ? க்ரே தெருப் பக்கத்துச் சினிமாக் கொட்டகைக்கு யாரோடு போவார்? கல்யாணத்துக்கு முன்னால் நலங்கு வைத்தபோது யார் பாடினார்கள்? பிள்ளையைத் தூங்கவைக்க என்ன பாடினார்? ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது யார் முன்னால் நின்று பாடுவார்கள்? புரட்டாசி விரதத்தில் வீட்டில் என்ன பாடுவார்கள்? இப்படிக் கேட்டால் பாட்டோடு ஆளும் இடமும் சேர்ந்து வரும். ஆளும் இடமும் தெரிந்தால், பாட்டு ஓடும்போது அவரோடு பேச உங்களுக்கு விஷயம் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழர் என்றால் தேவாரம், இல்லை பஜனை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். ஒரு தாத்தா வீட்டில் பக்திப் பாட்டாகப் போட்டுப் போட்டுப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். மனிதர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் தம்பி ஒரு நாள் வந்தபோது அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸின் பாட்டைத் தன் போனில் போட்டார். தாத்தாவின் கால் உடனே தாளம் போட்டது, இரண்டாவது அடியில் சேர்ந்து பாடினார். 1962இல் ஜிம் ரீவ்ஸ் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து பாடினார், அந்த வயதில் இருந்த பல பேருக்கு அவர் பாட்டென்றால் ஒரு கிறுக்கு. விக்டோரியா தெருவில் குட்வில் லவுஞ்சில் ஜாஸ் கேட்டு வளர்ந்த தமிழர்களும் இந்த ஊரில் உண்டு. 1930களில் வேர்விட்ட பெதெஸ்டா என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்த குடும்பங்களில் பெரியவர்களுக்கு ஞானப்பாட்டும் இங்கிலீஷ் கோரஸும்தான் உயிர். மனிதர் எப்படி வாழ்ந்தாரோ அதுதான் அவருடைய பாட்டு, இனத்தையும் மதத்தையும் வைத்து ஊகிக்காதீர்கள்.

சினிமாப் பாட்டில் தேடுவதென்றால் டி.எம்.சவுந்தரராஜன், பி.சுசீலா, ஜிக்கி, ஏ.எம்.ராஜா, சீர்காழி கோவிந்தராஜன் ஆகியோரின் 1950, 60களின் பாட்டுகளில் ஆரம்பியுங்கள். ஒரே உட்காரலில் ஐந்து பாட்டுக்கு மேல் சோதிக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் ஒரு நிமிஷம் விட்டு, அவரைப் பாருங்கள். "பிடிச்சிருக்கா" என்று கேட்காதீர்கள். விரல் அசைகிறதா, உதடு அசைகிறதா, மூச்சு மெதுவாகிறதா, தலை திரும்புகிறதா, புருவம் சுருங்குகிறதா என்று மட்டும் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். "இது யார் பாடினது, எந்தப் படம், சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைக்கவே வைக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் ஆசையாகச் செய்வார்கள். ஆனால் தெரியவில்லை என்ற வெட்கம் அந்த முகத்தில் படர்வதைப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பாட்டு கிடைத்தால் போதும், அதுவே பெரிய சொத்து.

தேவாரத்தில் மட்டும் கவனமாக இருங்கள். இங்கே துக்க வீட்டில் தேவாரம் பாடுவது வழக்கம். ஒருவருக்கு அது கோயில், இன்னொருவருக்கு அது புருஷன் போன நாள். எது என்று முன்னாலேயே குடும்பத்தில் கேட்டு வையுங்கள். அதேபோல் உடுக்கையும் வேகமான மேளமும். இளமையில் காவடியிலோ தீமிதியிலோ சாமி வந்து ஆடியவராக இருந்தால், அந்தத் தாளம் உடம்பைச் சட்டென்று தூக்கிவிடும். நான் பார்த்து வந்த ஓர் ஆயா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். இரண்டு பேர் பக்கத்தில் இருந்ததால் விழவில்லை. இடுப்பெலும்பு முறிந்திருந்தால் அதோடு படுக்கைதான்.

நேரம். அமெரிக்காவில் லிண்டா கெர்ட்னர் என்ற நர்ஸ் ஆராய்ச்சியாளர் 2000இல் 39 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார். ஒவ்வொருவருக்கும் பிடித்த பாட்டு ஒரு பக்கம், பொதுவான அமைதியான மேற்கத்திய செவ்வியல் இசை இன்னொரு பக்கம். பிடித்த பாட்டுக்குத்தான் பதற்றம் நன்றாகத் தணிந்தது. அவர் சொல்லித் தந்த ஒரு விஷயத்தை நான் இன்றுவரை பின்பற்றுகிறேன். பதற்றம் உச்சத்துக்குப் போன பிறகு பாட்டு போட்டுப் பயனில்லை, வழக்கமாகத் தொடங்குகிற நேரத்துக்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். உங்கள் வீட்டில் அது மூன்றரை மணி. ஒரு வாரம் நோட்டில் நேரத்தைக் குறித்து வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சில வீடுகளில் நாலு மணி என்று சொல்வார்கள், எழுதிப் பார்த்தால் ஸ்கூல் பிள்ளைகள் வந்து இறங்குகிற இரண்டே முக்காலிலேயே ஆரம்பித்திருக்கும்.

இருபது முப்பது நிமிஷத்தோடு நிறுத்திவிடுங்கள். டிவியை அணையுங்கள், சமையலறைக் கதவைச் சாத்துங்கள், ஒரு நேரத்தில் ஒரு சத்தம்தான். யூடியூபில் வேண்டாம், விளம்பரம் வந்து குலைத்துவிடும். பாட்டுகளை மெமரி ஸ்டிக்கில் ஏற்றி, பெரிய பட்டன் உள்ள சின்ன ஸ்பீக்கரில் போடுங்கள். மின்வெட்டு நாட்களில் சாயங்காலம் இருட்டும் சேர்ந்துகொண்டால் பதற்றம் இரட்டிப்பாகும், அதனால் ஸ்பீக்கரை எப்போதும் சார்ஜ் ஏற்றி வையுங்கள். ஹெட்போன் சிலருக்கு நன்றாக இருக்கும், சிலர் தலையில் ஏதோ ஏறி உட்கார்ந்த மாதிரி பயந்து பிடுங்குவார்கள். பயந்தால் மறுபடி வற்புறுத்த வேண்டாம். சத்தம் எவ்வளவு என்றால், பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் சாதாரணமாகப் பேசினால் கேட்க வேண்டும்.

ஸ்பீக்கரைவிட உங்கள் குரல் மேல். இதை நான் அழுத்தியே சொல்வேன். எனக்கு நன்றாகப் பாட வராது என்று எல்லாப் பெண்களும் சொல்கிறார்கள், கேட்கிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எதிரே, அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் நின்று பாடாதீர்கள். படத்தில் வரும் சுருதி வேண்டாம். வயதானால் பெண்களின் குரல் தாழ்ந்துவிடும், அவரால் சேர முடிகிற அளவுக்கு நன்றாக இறக்கிப் பாடுங்கள். வேகத்தையும் குறையுங்கள். இரண்டு அடி பாடிவிட்டு, மூன்றாவது அடியின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்துங்கள். காத்திருங்கள். நமக்குப் பொறுமை போகிற அளவுக்குக் காத்திருங்கள், ஐந்து நொடி, பத்து நொடி. பல நாள் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வரும். வராவிட்டால் நீங்களே சொல்லிவிட்டு மேலே போய்விடுங்கள், ஒன்றும் நடக்காத மாதிரி.

பேச்சு ரொம்பக் குறைந்தவர்களுக்கு முழுப்பாட்டு பெரிய சுமை. அவர்களுக்கு நம் கோயில் வழக்கமே ஒரு வழி வைத்திருக்கிறது. முன்னால் நிற்பவர் நீளமாகச் சொல்வார், கூட்டம் ஒரே சொல்லில் பதில் கொடுக்கும். புரட்டாசியில் 'கோவிந்தா', காவடியில் 'அரோகரா'. ஆயிரம் தடவை சொன்ன அந்தப் பதில் யோசிக்காமலே வரும். வருடக்கணக்கில் பேசாமல் இருந்த ஒரு தாத்தா, பெருமாள் பூசையில் ஹாலில் இருந்தவர்கள் 'கோவிந்தா' என்றதும் தானும் சொன்னார். அவருடைய மகள் கையில் இருந்த தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்ததை மறக்க மாட்டேன்.

சாயங்காலம் விளக்கேற்றுகிற பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் பாட்டை அதோடு கட்டிப் போடுங்கள். மூன்றரைக்கு இரண்டு மூன்று பாட்டு, கையில் ஏதாவது வேலை, பூத் தொடுப்பதோ திரி திரிப்பதோ பயறு பொறுக்குவதோ. அப்புறம் விளக்கு, எப்போதும் ஒரே பாட்டு. தேதியும் கிழமையும் போனவருக்கு இந்த வரிசை ஒரு கடிகாரம் மாதிரி வேலை செய்யும். நாலு நாளில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள், மூன்று வாரமாவது கொடுங்கள்.

குளிக்க வைக்கும்போது தகராறு உண்டா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்வீடனில் ஏவா கோட்டல் என்ற ஆராய்ச்சியாளரும் மற்றவர்களும் பார்த்தது இது. காலையில் உடம்பு துடைத்து உடை மாற்றுகிற நேரத்தில், பராமரிப்பவர் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டுப் பாடிக்கொண்டே செய்தபோது, நோயாளிகள் சொன்னதைப் புரிந்துகொண்டு கையைக் காலைத் தாங்களே தூக்கிக் கொடுத்தார்கள், முரண்டு குறைந்தது. "கையைத் தூக்குங்க, அம்மா, இல்லை இந்தக் கை" என்று கட்டளை மேல் கட்டளை போட்டால் அவர் மூளையால் அதைத் தொடர முடிவதில்லை. பாட்டு ஓடும்போது கட்டளைக்கு அவசியமே குறைந்துவிடுகிறது. வேலைக்கு வருகிற ஜுலு அக்காமாரிடம் இதை நான் சொல்லித் தர வேண்டியதே இல்லை. ஒரு வீட்டில் அந்த அக்கா தன் சபைப் பாட்டைப் பாடிக்கொண்டே ஆயாவுக்குத் தலை துவட்டுவார். ஆயாவுக்கு ஜுலு பாட்டில் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் ஒவ்வொரு அடி முடிவிலும் சரியாக "ம்ம்" போடுவார்.

அழுதால் என்ன செய்வது என்று கேட்பார்கள். கண் கலங்குவது எல்லாமே கெடுதி இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு கூட இருங்கள். கண்ணீரோடு முகம் தளர்ந்திருந்தால் பாட்டு முடியும்வரை விடலாம். உடம்பு இறுகினாலோ, எழுந்து தேட ஆரம்பித்தாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாலோ சட்டென்று அணைக்காமல் சத்தத்தை மெல்லக் குறைத்து நிறுத்துங்கள். நோட்டில் அந்தப் பாட்டுக்கு எதிரே ஒரு கோடு போட்டுவிடுங்கள், அடுத்தமுறை வேண்டாம். சிலருக்கு வாழ்நாள் முழுக்கவே பாட்டில் ஈடுபாடு இருந்திருக்காது, அவர்களுக்குப் பறவைச் சத்தமோ பழைய கிரிக்கெட் கதையோ போதும். மூளையின் நெற்றிப் பக்கத்தையும் பொட்டுப் பக்கத்தையும் தாக்குகிற வேறு வகை டிமென்ஷியாவில், பாட்டின் மேல் முன்பு இல்லாத வெறுப்பு வருவதும் உண்டு, நாள் முழுக்க அதுவே வேண்டும் என்ற வெறி வருவதும் உண்டு. அந்த வகை என்று டாக்டர் சொல்லியிருந்தால் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

இனி, பாட்டால் முடியாதது. நோயை அது நிறுத்தாது, ஞாபகசக்தியையும் வளர்க்காது. காக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 2018இல் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மனச்சோர்வு ஓரளவு குறைகிறது, மொத்தத்தில் நடத்தைச் சிக்கல்களும் ஓரளவு குறைகின்றன. ஆனால் பதற்றம், அடிப்பது திட்டுவது இவற்றில் பெரிய மாற்றம் தெரியவில்லை, அறிவாற்றலிலும் இல்லை. 2022இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இன்னும் பெரியது. 54 முதியோர் இல்லங்களில், அவரவருக்குப் பிடித்த பாட்டுப் பட்டியலை ஊழியர்கள் போட்டுக் காட்டினார்கள். பதற்றத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதையும் கெர்ட்னரின் சிறிய ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பல நாள் யோசித்திருக்கிறேன். வேலை நெருக்கடியில் இருக்கும் ஊழியரிடம் ஒரு கருவியைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது, நோயாளியை அறிந்த ஒருவர் சரியான நேரத்தில் பக்கத்தில் இருப்பதுதான் வித்தியாசத்தைக் கொண்டுவருகிறது என்பது என் முடிவு. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை, வீடு வீடாகப் பார்த்ததை வைத்து நான் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாட்டை மட்டும் நம்பலாமா என்று யாராவது கேட்டால், கூடவே கூடாது.

பின்லாந்தில் 2014இல் வெளியான ஆய்வு உங்களுக்காகவே செய்தது போல இருக்கும். நோயாளியும் பராமரிப்பவருமாக 89 ஜோடிகள். ஒரு குழுவுக்குச் சேர்ந்து பாடவும், இன்னொரு குழுவுக்குச் சேர்ந்து கேட்கவும் பத்து வாரம் சொல்லித் தந்தார்கள், மூன்றாவது குழு வழக்கம்போல. பாடியவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் மனநிலை மேலானது. பாடிய குழுவில் பராமரிப்பவர்களின் மனச்சுமையும் இறங்கியது. நீங்கள் எழுதியதில் மாமியாரைப் பற்றி நிறைய இருக்கிறது, ராத்திரி நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்பது இல்லை. அல்சைமர்ஸ் சவுத் ஆப்பிரிக்கா, டிமென்ஷியா எஸ்ஏ இரண்டும் குடும்பத்தாருக்கு ஆலோசனை தருகின்றன. டர்பனில் முதியோருக்கென்றே டாஃப்டா என்ற அமைப்பு இருக்கிறது. 1921இல் தொடங்கிய ஆரியன் பெனவலன்ட் ஹோம் இப்போது சாட்ஸ்வொர்த்திலேயே இருக்கிறது. கூப்பிட்டுப் பேசுங்கள், கூப்பிடுவதால் மாமியாரைக் கைவிட்டதாக ஆகாது.

கடைசியாக உங்கள் கணவர். "அம்மா பேசுகிற தமிழ் எனக்குப் புரியவில்லை, நான் என்ன செய்வது" என்று அவர் ஒதுங்கி நிற்பதாக எழுதியிருந்தீர்கள். இந்த ஊரில் ஐம்பது அறுபது வயதில் இருக்கிற பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இதே நிலைமைதான், அவர் மேல் தப்பில்லை. தாலாட்டு ஒன்றைத் தேடச் சொல்லியிருந்தேன் இல்லையா, அது அவருக்காக. அம்மா அவருக்குப் பாடியது அது. மொழி வரவில்லை என்றாலும் மெட்டு அவர் உடம்பில் எங்கேயோ இருக்கும். நீங்கள் சொற்களை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுங்கள், நாலே நாலு அடி. அதுவும் கூச்சமாக இருந்தால் சொல்லே வேண்டாம், முனகினால் போதும். மூன்றரை மணிக்கு வேலையில் இருப்பார் என்றால் சனி, ஞாயிறு. அம்மாவின் உள்ளங்கையைத் தன் கைமேல் வைத்துக்கொண்டு மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள், தொட்டிலை ஆட்டுகிற வேகத்தில். முதல் நாள் ஒன்றும் நடக்காமல் போகலாம். சில நாள் கழித்துப் பாருங்கள், தட்டுவது யார் கை என்று.